யூக்காச் செடி: பெயரிட்டோரும் பயன்கொண்டோரும்

பூங்காக்களிலும் மாளிகை முற்றங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும் யூக்கா, வாள் போன்ற இலைகளையும் பெரும்பாலும் அவற்றின் நுனியிற் கூரிய முள்ளையும் உடைய செடியாகும். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதன் இனங்களைத் தாவரவியலாளர் வகுத்துரைத்துள்ளனர். அதன் பெயர்கள் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியவை என்பதே எமது கருத்து.

'யூக்கா' என்ற பெயரே ஒரு தவறின் விளைவாகும். கரிபியன் தீவுகளின் தைனோ மக்கள் மரவள்ளிக்கு வழங்கிய சொல் அது. 1597 இல் மூலிகை நூலொன்றை வெளியிட்ட ஆங்கிலேயர் ஜோன் ஜெராட், தமது தோட்டத்து முட்செடியே அம்மக்களுக்கு அப்பம் தரும் கிழங்குச் செடி என நம்பி, அதனை அப்பெயராலேயே விபரித்தார். 1753 இல் லினேயஸ் மரவள்ளியை வேறொரு சாதியுள் அடக்கினார். ஆயினும் முட்செடிக்கு அத்தவறான பெயரையே நிலைபெறச் செய்தார். தைனோ மக்களோ அதற்கு நெடுங்காலம் முன்னரே ஸ்பானியரின் கட்டாய உழைப்பினாலும் வன்முறையாலும், அவர்களோடு வந்த தொற்றுநோய்களாலும் பேரழிவுக்குள்ளாகியிருந்தனர். தவறைச் சுட்டிக்காட்ட அவர்கள் சார்பில் லண்டனில் எவரும் இருக்கவில்லை.

ஆங்கிலம் பேசுவோர் இச்செடிக்கு இட்ட பெயர்களுட் சில 'ஸ்பானியக் குத்துவாள்', 'ஸ்பானியத் துப்பாக்கிமுனைக் கத்தி' என்பன. இலையின் கூர்மை கத்தியை நினைவூட்டுதல் இயல்பே. ஆனால் அக்கத்தி ஏன் ஸ்பானியருடையதாயிற்று? இச்செடி இயற்கையாக வளரும் புளோரிடா 1821 இலேயே ஸ்பெயினிடமிருந்து ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு மாறியது. இரு வல்லரசுகளின் போட்டி ஒரு செடியின் பெயரிலும் படிந்தது எனக் கொள்வது பொருந்தும். இலையோர இழைகளைக் கண்டு 'ஆதாமின் ஊசி' என்றோரும் உளர். அது விவிலியம் படித்தோரின் கற்பனை.

இப்பெயர்களில் உழைப்பின் சுவடு இல்லை. தென்மேற்கு அமெரிக்காவின் புவெப்லோ மக்களது மூதாதையர் யூக்கா நாரினாற் பாதரட்சையும் கயிறும் கூடையும் செய்தனர். அதன் வேரின் நுரையால் ஹோப்பி மக்கள் தலைமுழுகினர். குடியேறிய வெள்ளையர் வழங்கிய 'சவர்க்காரப் பூண்டு' என்ற பெயர் ஒன்றே இப்பயன்பாட்டை நினைவுகூருகின்றது. எனவே குடியேறிகள் இட்ட பெயர்கள் யாவும் ஒரே தன்மையின என நாம் கூறிவிட முடியாது.

சுதேசப் பெயர் முற்றாக அழியாத இடமும் உண்டு. நாவாத்து மொழியின் 'இக்ஸொத்ல்' என்ற சொல் 'இசோத்தே' எனத் திரிந்து மத்திய அமெரிக்காவில் இன்றும் வழங்குகின்றது. எல் சல்வடோரின் சாதாரண மக்கள் அதன் பூவை முட்டையுடன் சமைத்து உண்பர். அந்நாடு 1995 இல் அதனைத் தேசிய மலராக்கியது. அதே செடி ஆங்கில நாடுகளின் நாற்றுக் கடைகளில் 'முள்ளில்லா யூக்கா' என்ற பெயருடன் சாடிகளில் விற்கப்படுகின்றது.