கடலொலியை எண்ணாக்கிய கதை

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்தணையும் வேளையில் சென்று நின்றால், மலையாளத்தோடு நம் தமிழும் காதில் விழும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையிலிருந்து வந்து, இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர் பலர். அவர்தம் படகுகளில் சிறு திரையொன்று ஒளிர்வதைக் காணலாம். கடலடித் தரையைக் கோடாகவும் மீன் கூட்டத்தைப் புள்ளிகளாகவும் அது காட்டுகிறது. அத்திரைக்குப் பின்னே இடையறாது கணக்கிடுவது எண்முறைக் குறிகைச் செயலி. டிஜிட்டல் சிக்னல் பிராசஸர் என்றே பலரும் வழங்குவர். இத்துறையைக் கற்கப் புகுவோர் எங்கிருந்து தொடங்குவது என்ற வினாவுக்கு, இத்துறைமுகத்தின் அண்டையில் நிகழ்ந்த வரலாறே நல்ல விடையாகும்.

தோப்பும்படியிலிருந்து பழைய துறைமுகப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில், உப்பங்கழியைத் தூர்வாரி எடுத்த மண்ணால் உருவான நிலம் அது. அதனை அடுத்த கடற்படைத் தளத்தில் 1952இல் சிறியதோர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து, இன்று திருக்காக்கரையில் இயங்கும் கடற்படை இயற்பியல் மற்றும் கடலியல் ஆய்வகமாயிற்று.

கடலுக்குள் ஒளி நெடுந்தூரம் செல்லாது, ஒலியோ செல்லும். கடல்நீரில் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். கீழ்நோக்கி அனுப்பிய ஒலி பத்தில் ஒரு விநாடியில் எதிரொலித்துத் திரும்பினால், போகவர 150 மீட்டர்; ஆகவே ஆழம் 75 மீட்டர். சோனார் என்னும் கருவியின் அடிப்படை இவ்வளவே. ஆனால் செயலில் இது எளிதன்று. வெயிலால் மேல்நீர் சூடேற, கீழ்நீர் குளிர்ந்திருக்க, ஒலி நேராகச் செல்லாமல் கீழ்நோக்கி வளைகிறது. அவ்வளைவுக்கு அப்பால் ஒலி எட்டாத நிழற்பகுதி ஒன்று உண்டாகிறது. அங்கே மறைந்திருக்கும் நீர்மூழ்கியை அறிவது அரிது. அலையின் இரைச்சலும், கப்பலின் சொந்த இயந்திர ஓசையும் மெல்லிய எதிரொலியை விழுங்கிவிடும்.

இதன் விலையை நம் நாடு 1971 டிசம்பர் 9ஆம் நாள் இரவு உணர்ந்தது. தியூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் குக்ரி என்னும் நம் போர்க்கப்பல் மூழ்கியது. கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். பகைவனின் ஓசையை உரிய வேளையில் பிரித்தறியும் செவி நமக்கு இன்றியமையாதது என்பது அன்று ஐயமின்றி விளங்கிற்று.

அந்தச் செவியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இளவயதிலேயே கடற்படையிற் சேர்ந்த அவர், டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பி. வி. இந்திரேசனிடம் பயின்று 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். போருக்குப் பின் பழைய சோனாரின் திறனைக் கூட்டும் பணியில் ஈடுபட்டார். பின்னர் கொச்சி ஆய்வகத்தில் அப்ஸோ என்ற புதிய சோனாரை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய அப்பணி, 1980களின் தொடக்கத்தில் நிறைவெய்தி, ஹிம்கிரி என்ற கப்பலில் அக்கருவி பொருத்தப்பெற்றது.

இரைச்சலிலிருந்து எதிரொலியைப் பிரிப்பது எவ்வாறு? ஒரே எதிரொலியை 100 முறை பதிந்து கூட்டிச் சராசரி கண்டால், தாறுமாறான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். எதிரொலியோ குறையாது நிற்கும். அதுபோலவே பல ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றின் ஒலியையும் சிறிது தாமதித்துக் கூட்டினால், குறித்த ஒரு திசையின் ஓசை மட்டும் ஓங்கிக் கேட்கும். எல்லாம் கூட்டலும் பெருக்கலுமே. ஆனால் அவற்றை விநாடிக்குப் பல இலட்சம் முறை செய்தாக வேண்டும். அப்ஸோ உருவாகிய ஆண்டுகளில் இதற்கெனத் தனிச்சில்லுகள் சந்தையில் பரவியிருக்கவில்லை. 1982இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் அறிவித்த செயலி, விநாடிக்கு 50 இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றியது. அதன்பின் இவ்வித்தை சாதாரணத் தொலைபேசிக்குள்ளும் குடிபுகுந்தது.

இனி, தொடங்குவோர்க்குச் சில சொற்கள். முதலில் செயலியை வாங்க வேண்டா. தாளும் பென்சிலும் போதும். 4, 8, 6, 10 என நான்கு அளவுகளை எழுதி, அடுத்தடுத்த இரண்டின் சராசரியைக் காணுங்கள். 6, 7, 8 என வரும். ஏறியிறங்கிய எண்கள் சீராயின அன்றோ? இதுவே ஒரு வடிகட்டி. ஒவ்வோர் எண்ணையும் அரையால் பெருக்கிக் கூட்டினோம். பெருக்கிக் கூட்டும் அச்செயலை ஒரே இயக்கத்தில் முடிப்பதே இச்செயலிகளின் தனிச்சிறப்பு.

அடுத்து, ஒலியை எத்தனை முறை அளப்பது என்பதை அறிக. ஒலியிலுள்ள மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கும் மேலாக அளத்தல் வேண்டும். தொலைபேசிப் பேச்சை விநாடிக்கு 8,000 முறை அளப்பது இதனாலேயே. குறைவாக அளந்தால், திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் பொய்த்தோற்றம் எழும். மூன்றாவதாக, 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியே முறையைப் பயில்க. 1,024 அளவுகளுக்கு நேர்முறையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். இம்முறையிலோ ஏறத்தாழ 5,000 போதும். பின்னரே உங்கள் குரலைக் கணிப்பொறியில் பதிந்து வடிகட்டிப் பாருங்கள். அது கைவந்தபின் சிறிய செயலிப் பலகையை நாடலாம். இவ்வரிசையை மாற்றிப் பலகையிலிருந்து தொடங்குவோர், கருவியின் கையேட்டில் சிக்கிக் கணிதத்தை மறந்துவிடுவர்.

பால்ராஜ் பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்றார். பல ஒலிவாங்கிகளைக் கூட்டி ஒரு திசையைக் கேட்கப் பயின்றவர், பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல செய்திகளை அனுப்பும் மைமோ என்ற வழியைக் காட்டினார். இன்றைய வை-ஃபையும் நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசியும் அவ்வழியே நடக்கின்றன. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு வழங்கப்பெற்றது.

வேற்று மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். தூத்தூர் மீனவர் தோப்பும்படிப் படகிலிருந்து கரைக்குப் பேசும்போது, கடலுக்குள் செவி தேடிய அப்பழைய உழைப்பின் பயனையும் அவர் கையில் ஏந்தியிருக்கிறார்.