தாமதத்தின் வரலாறு: சிவனொளிபாத மலையும் விண்தூக்கியும்

அட்டன், மஸ்கெலியாத் தோட்டங்களுக்கு மேலாக 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலை, விண்வெளி பற்றிய நவீன கற்பனையில் இடம்பெற்ற வரலாறு தனித்து நோக்கப்பட வேண்டியதாகும். 1956இல் இலங்கையிற் குடியேறிய ஆதர் சி. கிளார்க், 1979இல் வெளியான ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் ஆங்கில நாவலில், இம்மலைக்கு ‘ஸ்ரீ கந்த’ எனப் பெயரிட்டு, அதன் உயரத்தை இரட்டிப்பாக்கி, தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி, உச்சியிலிருந்து விண்ணுக்கு ஒரு தூக்கியை எழுப்பினார்.

தீவை நகர்த்தியமைக்குக் காரணமுண்டு. நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமியின் சுழற்சியோடு ஒத்துச் செல்வதால் ஓரிடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். அங்கிருந்து கீழே ஒரு வடத்தை இறக்கி, மறுபுறம் எதிர்ப்பாரத்தை நிறுத்தினால், ரொக்கெற்றின்றியே விண்ணேறலாம். இக்கருத்துக் கிளார்க்குடையதன்று. 1895இல் சியல்கோவ்ஸ்கி வானளாவும் கோபுரமொன்றை எண்ணிப்பார்த்தார். அதனைத் தொங்கும் வடமாக மாற்றிச் சிந்தித்தவர் லெனின்கிராட் பொறியியலாளரான யூரி அர்த்சுத்தானவ். 1960இல் சோவியத் இளைஞர் நாளிதழொன்றில் அவர் எழுதியது மேற்கில் நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்தது. அமெரிக்கரான ஜெரோம் பியர்சன் 1975இல் அதே முடிவைத் தனித்தே கண்டடைந்தார்.

நாவலின் மையமுரண் பொறியியலாளன் மோர்கனுக்கும் மலையுச்சி மடத்துப் பிக்குகளுக்கும் இடையிலானது. கிளார்க் அதனைத் திறம்படவே நடத்துகிறார். ஆயின் வரலாற்றில் தடுத்து நின்றவர் பிக்குகளல்லர். தடுத்து நின்றது பொருளே. மலைத் தோட்டங்களிற் கொழுந்து மூட்டைகளை ஆலைக்கு இறக்கிய உருக்குக் கம்பி இத்தகைய நீளத்திலே தன் பாரத்தாலேயே அறுந்துவிடும். 1991இல் யப்பானிய விஞ்ஞானி ஈஜிமா கரிம நானோகுழாய்களைப் பற்றி எழுதியதன் பின்னரே நம்பிக்கை துளிர்த்தது. நாசா ஆதரவுடன் 2005 முதல் நடந்த உறுதிமிகு வடப் போட்டியிற் பரிசை எவரும் வென்றிலர். 2013இற் சீன ஆய்வாளர் வளர்த்த மிக நீண்ட நானோகுழாய் அரை மீற்றரைச் சற்றே தாண்டியது. வேண்டப்படுவதோ பல்லாயிரம் கிலோமீற்றர்!

எனினும் 2012இல் யப்பானின் ஒபயாஷி நிறுவனம் 96,000 கிலோமீற்றர் வடத்துடன் 2050இல் தூக்கி இயங்கும் என அறிவித்தது. 2018இல் இரு சிறு செய்மதிகளை வடத்தால் இணைத்து, அதிற் சிற்றூர்தியொன்றை ஓட்டிப் பார்க்கும் பரிசோதனைக் கருவி விண்ணுக்கு அனுப்பப்பட்டது. கட்டுமானத்தின் தொடக்கமாகக் குறிக்கப்பட்ட 2025 வேலை தொடங்காமலே கடந்தது. இத்தாமதத்தின் காரணத்தை எவரும் மறைக்கவில்லை. உற்பத்திச் சக்திகள் அவ்வளவு வளரவில்லை.

மலையடிவாரத்துத் தாமதமோ வேறு வகையினது. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் பாதையிலுள்ள நோர்வூட்டில், 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் வேலை தொடங்க 2024 ஆயிற்று. இங்கே கல்லும் சீமெந்தும் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்ட நிலம் அரசுக்கு வந்தது. 1992இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றது. இவ்விரு மாற்றங்களின்போதும் லயத்தில் வாழ்ந்தோருக்கு அந்நிலத்தில் உரித்துக் கிடைக்கவில்லை.