சுவிட்சிலிருந்து நீலத்திரைக்கு: பயாஸ் செட்டப் வந்த வழி

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டருக்குத் தன்னுள் என்னென்ன பொருத்தப்பட்டிருக்கின்றன என்பது தானாகத் தெரியாது. அதன் மதர்போர்டில் இரண்டு சுவிட்ச் கட்டைகள் இருந்தன; கட்டைக்கு எட்டாக மொத்தம் பதினாறு சிறு சுவிட்சுகள். எத்தனை ஃபிளாப்பி டிரைவ், எவ்வளவு நினைவகம், கறுப்பு வெள்ளைத் திரையா வண்ணத் திரையா, கணக்குப் போடும் துணைச் சில்லு உண்டா என்ற விவரங்களை அந்தச் சுவிட்சுகள் நின்ற நிலையே கணினிக்குச் சொன்னது. நினைவகத்தைக் கூட்டியவர் திருகைக் கழற்றி, மூடியை எடுத்து, கையேட்டின் அட்டவணையைப் பார்த்துச் சுவிட்சைத் தள்ளிவிட்டு மறுபடி மூட வேண்டும். செட்டப் என்ற வேலையின் முதல் வடிவம் இதுதான்.

சுவிட்சுகளைப் படித்த நிரலுக்குப் பெயர் பயாஸ். கேரி கில்டால் 1970-களில் தமது சிபி/எம் இயங்குதளத்துக்காக வைத்த பெயர் அது. ஐபிஎம் கணினியில் அந்த நிரல் 8 கிலோபைட் அளவில் ஒரு ரோம் சில்லில் அடங்கியிருந்தது. மின்சாரம் வந்ததும் உறுப்புகளைச் சோதிப்பது, பிறகு இயங்குதளத்தை ஏற்றிவிடுவது அதன் பணி. 1983-இல் வந்த எக்ஸ்டி மாதிரியில் சுவிட்ச் கட்டை ஒன்றாகக் குறைந்தது, முறை மாறவில்லை. இரண்டு மாதிரிகளின் மதர்போர்டிலும் கடிகாரம் இல்லாததால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் டாஸ் இயங்குதளம் தேதியையும் நேரத்தையும் கேட்கும். உட்கார்ந்திருப்பவர் தட்டச்சு செய்ய வேண்டும்.

திருப்பம் 1984 ஆகஸ்டில் வந்தது. ஐபிஎம்மின் ஏடி மாதிரியில் மோட்டோரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு ஒன்று இடம்பெற்றது. கணினியை அணைத்த பிறகும் பேட்டரியின் துணையால் அது ஓடிக்கொண்டிருக்கும். அதனுள் 64 பைட் நினைவகமும் இருந்தது. கடிகாரம் 14 பைட்டை எடுத்துக்கொள்ள, மீதி 50 பைட் சும்மா கிடந்தது. அந்த மிச்சத்தில் கணினியின் அமைப்பு விவரங்களை எழுதிவைக்கலாம் என்று ஏடியை வடிவமைத்தவர்கள் முடிவு செய்தார்கள். மிகக் குறைந்த மின்சாரத்தில் பிழைக்கும் சிமாஸ் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்ட சில்லு அது. அதனால் அந்த நினைவகத்துக்கே சிமாஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பயாஸ் என்பது நிரல், சிமாஸ் என்பது அந்த நிரல் பார்த்துக்கொள்ளும் குறிப்பேடு. இரண்டையும் ஒன்றாக நினைப்பது இன்றும் பழுதுபார்க்கும் இடங்களில் காணப்படும் குழப்பம்.

ஐம்பதே பைட் என்பதால் எழுதிய விதம் கடும் சிக்கனமானது. ஃபிளாப்பி டிரைவ்களின் வகைக்கு ஒரு பைட், ஹார்ட் டிஸ்குகளின் வகைக்கு ஒரு பைட், நினைவகத்தின் அளவுக்குச் சில பைட் என்று பங்கிட்டார்கள். விவரங்கள் கெட்டுப்போயினவா என்பதைக் கண்டுபிடிக்கக் கூட்டுத்தொகை ஒன்றும் சேமிக்கப்பட்டது. கணினி எழும்போது பயாஸ் அதை மீண்டும் கூட்டிப் பார்க்கும். பேட்டரி தீர்ந்திருந்தால் 161 என்ற எண் திரையில் தோன்றும். தேதி, நேரம் பிழையானால் 163 தோன்றும்.

ஆனால் இந்த விவரங்களை மாற்றும் வசதி அந்த ஏடியின் ரோமுக்குள் இல்லை. செட்டப் நிரல் தனியாக ஒரு சோதனை ஃபிளாப்பியில் வந்தது. பேட்டரி தீர்ந்த நாளில் அந்த ஃபிளாப்பியைத் தேடி எடுத்தாக வேண்டும். திரை வகையைச் சொல்ல மட்டும் மதர்போர்டில் ஒரு சுவிட்ச் தங்கிவிட்டது.

ஹார்ட் டிஸ்க் விஷயம்தான் மிகவும் சிரமம் தந்தது. அன்றைய டிஸ்க் தன் அளவைத் தானே சொல்லாது. அதில் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டார் என்பதைக் கணினி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஐபிஎம் இதற்காக ரோமில் ஓர் அட்டவணை வைத்து, பயனர் வகை எண்ணை மட்டும் தரும்படி செய்தது. அட்டவணையில் இல்லாத டிஸ்கை வாங்கியவருக்கு முழு அளவு கிடைக்காது. பின்னால் வந்த பயாஸ்கள் பலவற்றில் அட்டவணை 46 வகைகளுக்கு நீண்டது. 47-ஆம் எண் பயனரே அளவுகளை நிரப்பிக்கொள்ளும் வெற்று வரி. டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து மூன்று எண்களையும் பிழையின்றி எழுதுவது கணினி பொருத்துபவரின் முக்கியத் திறமையானது. எண் தவறினால் ஏற்கெனவே எழுதப்பட்ட தகவலைப் படிக்க முடியாது. டிஸ்கைத் தானாக அடையாளம் காணும் வசதி பிற்பாடு செட்டப்பில் வந்தபோது, இந்தத் துறையில் நேர்ந்த மிகப் பெரிய உபகாரமாகவே அது அமைந்தது.

செட்டப்பை ஃபிளாப்பியிலிருந்து ரோமுக்குள் கொண்டுவந்து பரவலாக்கியதில் ஐபிஎம் அல்லாத நிறுவனங்களுக்கே பெரும் பங்கு. ஐபிஎம் தன் பயாஸின் நிரல்வரிகளைக் கையேட்டில் அச்சிட்டே வெளியிட்டிருந்தது. ஆனால் பதிப்புரிமை அதனிடம் இருந்ததால் யாரும் படியெடுக்க முடியாது. காம்பாக் நிறுவனமும், பிறகு 1984-இல் பீனிக்ஸ் நிறுவனமும் அந்த வரிகளைப் பார்க்காதவர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதின. காம்பாக் தன் கணினிகளுக்காக எழுதியது. பீனிக்ஸ் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. அவார்டு நிறுவனமும், 1985-இல் சுப்ரமணியன் சங்கர் அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸும் அதே வணிகத்தில் இறங்கின. ஏஎம்ஐ என்று பரவலாக அறியப்படும் இந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

இவர்களின் பயாஸ் எந்தெந்த மதர்போர்டில், எந்தெந்தச் சிப்செட்டோடு இணையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நினைவகத்தின் வேகம், கேஷ், மெதுவான ரோமின் நகலை வேகமான நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஷேடோ வசதி ஆகியவை போர்டுக்குப் போர்டு மாறின. ஆகவே எல்லாவற்றையும் திரையில் திறந்துவைத்து, பொருத்துபவரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தோடு வந்த அவார்டு செட்டப்பை 1990-களில் கணினி பயின்ற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே நுழைய ஏஎம்ஐ, அவார்டு பயாஸ்களில் டெலிட் விசை, பீனிக்ஸில் எஃப்2, காம்பாக்கில் எஃப்10 என்று வழக்கம் படிந்தது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிக் கணினி கோத்தவர்களுக்கு, கோத்து முடித்ததும் செய்யும் முதல் காரியமே செட்டப்பில் நுழைந்து டிஸ்க் தெரிகிறதா என்று பார்ப்பதுதான்.

டிஸ்குகள் வளர வளர, பழைய கணக்குகள் தடையாயின. பயாஸ் அனுமதித்த 1,024 சிலிண்டர், டிஸ்க் இணைப்பு முறை அனுமதித்த 16 ஹெட், 63 செக்டார், செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட். அதற்கு மேற்பட்ட டிஸ்க் 1990-களின் நடுவில் கடைக்கு வந்தபோது பழைய பயாஸால் முழு அளவையும் எட்ட முடியவில்லை. செட்டப்பில் எல்பிஏ என்ற புதிய தேர்வு தோன்றியது இதனால்தான். ஒலி அட்டை, மோடம் போன்றவற்றுக்கு ஜம்பர் மாற்றி இடையீட்டு எண் ஒதுக்கும் தொல்லையைப் பிளக் அண்ட் ப்ளே முறை பெருமளவு குறைத்தது. 1995-இல் பீனிக்ஸும் ஐபிஎம்மும் வெளியிட்ட எல் டொரிடோ வரையறை குறுந்தகட்டிலிருந்து கணினியை எழுப்ப வழிசெய்தது. பெரும்பாலானோர் செட்டப்புக்குள் சென்ற காரணம் பின்னர் இது ஒன்றாகவே ஆயிற்று: எந்தச் சாதனம் முதலில் எழ வேண்டும் என்று வரிசை மாற்றுவது.

பயாஸை ஃபிளாஷ் சில்லில் வைத்து, சில்லைக் கழற்றாமலே புதுப்பிக்கும் வசதியும் அதே பத்தாண்டில் பரவியது. அதன் ஆபத்தை 1999 ஏப்ரல் 26 காட்டியது. தைவானில் உருவான சிஐஎச் வைரஸ் அன்று தாக்கிய கணினிகளில், சிலவற்றின் பயாஸையே அழித்தது. செட்டப் திரைகூட வராத அந்தப் போர்டுகளுக்குச் சில்லை மாற்றுவதோ வெளியே எடுத்து மீண்டும் எழுதுவதோதான் மருந்து.

பயாஸுக்கு மாற்றாக இன்டெல் தன் இட்டானியம் செயலிக்காகத் தொடங்கிய இஎஃப்ஐ திட்டம், 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றத்தின் கைக்கு வந்து யூஇஎஃப்ஐ ஆனது. டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய பகிர்வு அட்டவணையால் ஏறக்குறைய 2.2 டெராபைட் வரைதான் எண்ண முடியும். புதிய முறை அந்த எல்லையை நீக்கியது. சுட்டியால் இயக்கும் வண்ணத் திரைகள் இதனோடு பரவலாயின. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் என்ற தேர்வு பரவியது. 2021-இல் விண்டோஸ் 11 அதற்கு ஆதரவையும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும் கட்டாயமாக்கியபோது, செட்டப்பை அதுவரை பார்த்திராதவர்களும் உள்ளே சென்று ஒரு வரியை மாற்ற வேண்டிவந்தது.

இன்றைய போர்டுகளில் பெரும்பாலான அமைப்புகள் ஃபிளாஷ் சில்லிலேயே எழுதப்படுகின்றன. கடிகாரத்துக்கு மட்டும் மின்சாரம் இன்னும் வேண்டும். அதைத் தருவது பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி. அது தீர்ந்து தேதி பின்னோக்கிப் போனால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. கணினியில் வேறு பழுதைத் தேடுவதற்கு முன் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. ஏடி கணினி 1984-இல் கடிகாரச் சில்லோடு பேசப் பயன்படுத்திய வாசல்கள் பதினாறடிமான எண்ணில் 70, 71. இன்றைய இன்டெல் சிப்செட்டுகளிலும் கடிகாரம் அதே எண்களுக்குப் பதில் சொல்கிறது.