உயரத் தொட்டியும் ஓடை மீன்களும்

வட்டவளைப் பக்கத்திலிருந்து இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார். முன்னறையில் இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒடுங்கிய இடம் ஒன்று உண்டாம். அங்கே இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் இரண்டரையடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியை வைத்துப் பலவகை மீன்களை ஒன்றாக வளர்க்க விரும்புகிறார். எந்த மீன்கள், எத்தனை, என்னென்ன கருவிகள் என்பது அவருடைய வினா. கடைக்காரரே விடை சொல்லிவிடக்கூடிய வினாதான். ஆயினும் அதன் அடியில் நூற்றெழுபது ஆண்டுக்கால வரலாறு கிடக்கிறது. அதில் ஒரு பகுதி வட்டவளைக்கு மிக அருகிலேயே நடந்தது.

மீன்தொட்டியும் மலைநாட்டுத் தேயிலையும் தூரத்து உறவினர். 1829இல் நத்தானியேல் வார்ட் என்னும் இலண்டன் வைத்தியர், ஈரமண் இட்டு மூடிய போத்தல் ஒன்றில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்திருந்தார். அந்த மண்ணில் பன்னம் முளைத்து, வெளிநீர் இல்லாமலே வளர்ந்தது. மூடிய கண்ணாடிக்குள் செடி வாழும் என்பதைக் கண்ட அவர் ‘வார்ட் பெட்டி’யைச் செய்தார். 1848க்கும் 1851க்கும் இடையில் ரொபர்ட் போர்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடல்வழியே கொண்டுவந்தது இத்தகைய பெட்டிகளில்தான். அதே கண்ணாடி மோகத்திலிருந்து பிறந்ததே மீன்தொட்டி. 1850இல் ரொபர்ட் வொரிங்டன் என்னும் இரசாயனவியலாளர் இரண்டு பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவை வாழ்வதைக் காட்டினார். 1853இல் இலண்டன் ரீஜன்ட் பூங்காவில் மீன்மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த பிலிப் ஹென்றி கோஸின் நூல் ‘அக்குவாரியம்’ என்னும் சொல்லை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வொரிங்டன் கண்டது பாதி உண்மையே. செடி பிராணவாயு தரும், மீன் எரு தரும், கணக்குச் சரியாகிவிடும் என்று அக்காலத்தவர் எண்ணினர். மீனின் கழிவிலிருந்து எழும் அமோனியாவை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள். அவற்றை வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டியது 1890இல்தான். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் செத்து மிதந்த மீன்களுக்குக் கணக்கில்லை. இன்றும் தொட்டி வாங்கிய அன்றே இருபது மீன்களை விட்டு, வாரம் முடியுமுன் அள்ளி எறிபவர்கள் அந்த நாற்பது ஆண்டுகளுக்குள்ளேயே வாழ்கிறார்கள். புதிய தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். மலைநாட்டுக் குளிரில் பக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகும். இன்னும் சில நாட்கள் பொறுப்பது நல்லது.

இனி உயரத்துக்கு வருவோம். நண்பரின் தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 75 உயரம். விளிம்புவரை நிரப்பினால் 135 லீற்றர் நீர் கொள்ளும். அதே 135 லீற்றரை 120 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 37.5 உயரமும் உள்ள தாழ்ந்த தொட்டியிலும் வைக்கலாம். நீர் ஒன்றே, ஆனால் காற்றைத் தொடும் மேற்பரப்பு முதலாவதில் 1,800 சதுர சென்ரிமீற்றர், இரண்டாவதில் 3,600. மீன் சுவாசிக்கும் காற்று நீரில் கரைவது பெரும்பாலும் அந்த மேற்பரப்பின் வழியாகத்தான். ஆகவே உயரத் தொட்டி பார்ப்பவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. மீனுக்கு அதனால் இலாபம் குறைவு. பழைய வளர்ப்பாளர்கள் லீற்றரை எண்ணாமல் மேற்பரப்பையே அளந்தார்கள். வெப்பநாட்டுச் சிறுமீன் என்றால் உடல்நீளத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 30 சதுர சென்ரிமீற்றர். பொன்மீன் போன்ற குளிர்நீர் மீனுக்கு அதன் இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கின்படி நண்பரின் தொட்டி தாங்குவது மொத்தம் 60 சென்ரிமீற்றர் நீள மீன்களை, அதாவது ஐந்து சென்ரிமீற்றர் மீன்கள் பன்னிரண்டை. பொன்மீன் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. வடிகட்டியும் காற்றுப் பம்பும் இருந்தால் இதற்கு மேலும் விடலாம் என்று கடையில் சொல்வார்கள். மின்சாரம் இருக்கும்வரை அது சரி.

மின்சாரத்தை நம்பிய கணக்கு எப்படி முடியும் என்பதை 2022 நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தை எட்டியது. பம்பு நின்றால் முதலில் மூச்சுத் திணறுவது நெரிசலான உயரத் தொட்டியே. ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளையில், மரம் முறிந்து கம்பி அறுவதற்கு நாட்டின் பொருளாதாரம் சரிய வேண்டியதுமில்லை. எனவே பன்னிரண்டு என்ற எண்ணை மின்சாரம் இல்லாத இரவின் எண்ணாகவே கொள்ளவேண்டும். பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது அலங்காரக் கற்கள் வாங்குவதை விட முக்கியம்.

கருவிகளைப் பற்றி வில்லியம் அல்போர்ட் லொயிட் என்பவரிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஹம்பேர்க்கில் 1864இலும் இலண்டன் பளிங்கு மாளிகையில் 1871இலும் பெரும் மீன்காட்சிச் சாலைகளை அமைத்தவர் அவர். பார்வைத் தொட்டிகளின் கீழே, காட்சித் தொட்டிகளை விடப் பெரிய இருட்டுத் தேக்கத்தை வைத்து, நீராவிப் பம்பினால் நீரை ஓயாமல் சுற்றவிட்டார். காட்சிக்கு வைப்பது சிறிது, தாங்கி நிற்கும் நீர் பெரிது என்பது அவர் கொள்கை. (சென்னை மெரீனாவில் 1909இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலை அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது, உலகப்போர்ப் பீதியில் 1942இல் மூடப்பட்டது.) நமது நண்பரும் தாங்கியின் அடியிலுள்ள வெற்றிடத்தில் இரண்டாவது தொட்டி ஒன்றை வைத்தால் நீரின் அளவும் மேற்பரப்பும் ஒருங்கே கூடும். அது இயலாதெனில் வடிகட்டியின் உறிஞ்சுவாய் அடித்தளத்தருகேயும், வெளிவாய் மேற்பரப்பைக் கலக்கும்படியும் இருக்கட்டும். ஆழம் கூடக்கூடக் காற்றுப் பம்பு அதிகம் உழைக்கவேண்டும் என்பதால் மலிவான சிறு பம்பு 75 சென்ரிமீற்றர் ஆழத்தில் திணறும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தால், மின்சாரம் நின்றதும் குழாய் வழியே நீர் திரும்பி வடியாது. கண்ணாடியின் அடிப்பாகம் தாழ்ந்த தொட்டியைப் போல இருமடங்கு அழுத்தத்தைத் தாங்கவேண்டும். தடிப்பில் சிக்கனம் கூடாது. நீர் மட்டுமே 135 கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்த அந்தப் பாரம் ஈரடிக்கு ஓரடி இடத்தில் நிற்கிறது. பழைய பலகைத் தரையில் வைக்கத் துணியவேண்டாம். ஒளியும் அடிவரை குறைந்தே எட்டும். நிழல் பொறுக்கும் கிரிப்டோகொறின் செடிகள் போதும். அவற்றுள் சில இலங்கைக்கே உரியவை.

மீன்களுள் உயரத்தை உண்மையில் விரும்புவது அமேசன் நாட்டு ஏஞ்சல் மீன். அதற்கு இருபத்தைந்து பாகை செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்திலுள்ள வட்டவளையின் தை மாத இரவில் நீர்சூடாக்கி இல்லாமல் அது நோயுறும். இருக்கும் சிறுமீன்களையும் விழுங்கிவிடும். அமேசன் மீனைச் சூடேற்றிக் காப்பதற்குப் பதிலாக, குளிர்ந்த நிழலோடைகளில் பிறந்த நமது மீன்களையே தெரிந்தெடுக்கலாகாதா என்பது என் எண்ணம்.

உலகமெங்கும் மீன்தொட்டிகளில் நீந்தும் ‘பிளாக் ரூபி’, ‘செரி’ ஆகிய இரண்டும் இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளுக்கே உரியவை. முதலாவதுக்குச் சிங்களத்தில் ‘புலத் ஹபயா’, வெற்றிலை சப்புபவன் என்று பெயர். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முன்னுடல் வெற்றிலைச் சாறு வழிந்தாற்போல் சிவந்துவிடும். எத்தனை விஞ்ஞானப் பெயர்கள் வைத்தாலும் இதற்கு ஈடில்லை. அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியது 1868இல் இலண்டனில் இருந்த குந்தர். செரியை 1929இலும், ‘ஹல்மல் தண்டியா’ என்னும் பொன்னிறச் சிறுமீனை 1930இலும் விவரித்தவர் பின்னாளில் கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளரான பி. ஈ. பி. தெரணியகல. ஹல் மரத்தின் பூவே அம்மீனின் பெயரிலுள்ளது. எட்டுப் பிளாக் ரூபி, நாலு செரி என்பதே நண்பரின் தொட்டிக்கு என் கணக்கு. ஓடையில் பிடித்தவற்றைத் தவிர்த்துப் பண்ணையில் பெருக்கியவற்றை வாங்குவதே முறை. உள்நாட்டு மீன்கள் பல சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

வட்டவளைக்கு அண்மையில் நடந்ததாக நான் சொன்ன வரலாறு இந்த மீன்களைப் பற்றியதே. கினிகத்தேனைக் கணவாய் ஒரு நீர்பிரிமேடு. ஒரு பக்கத்து மழை களனிக்கும், மறுபக்கத்து மழை மகாவலிக்கும் போகிறது. தென்மேற்கின் காடுகள் அழிவதைக் கண்டு அஞ்சிய ரணில் சேனாநாயக்க முதலிய ஆய்வாளர்கள், 1981இல் ஹல்மல் தண்டியா உள்ளிட்ட உள்நாட்டுச் சிறுமீன்கள் சிலவற்றை, அவை இயற்கையில் இல்லாத மகாவலிப் பக்கத்து ஓடை ஒன்றுக்குக் கொண்டுவந்து விட்டனர். எவை அங்கே ஒத்து வாழும், இடத்துக்கும் இரைக்கும் எவை போட்டியிடும் என்று ஆராய்ந்து செய்த வேலை அது. ஒரு தொட்டிக்கு நாம் போடும் திட்டத்தின் பெரிய வடிவம். அதன் விளைவை எரிக் விக்கிரமநாயக்க 1990இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். எழுதி வைத்ததால்தான் அம்மீன்கள் எங்கிருந்து வந்தன என்பதை இன்றும் அறிகிறோம்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. வளவை ஆற்றுப் படுகையில் கண்ட ஹல்மல் தண்டியாவின் உறவு மீனொன்றைப் புதிய இனம் என்று 2013இல் பெயரிட்டனர். 2018இல் ஹிரண்ய சுதசிங்க குழுவினர் மரபணுவை ஆராய்ந்து, அது புதிய இனமன்று, யாரோ பதிவின்றிக் கொண்டுபோய் விட்ட பழைய இனமே என்று காட்டினர். விட்டவர் யார், எப்போது என்பதற்குக் குறிப்பில்லை. வெள்ளையர் காலத்திலும் இப்படித்தான்: 1880களில் துரைமாரின் தூண்டில் பொழுதுபோக்குக்காக நுவரெலியா நீர்களில் ட்ரவுட் மீன்களை விட்டபோது, அங்கிருந்த சிற்றுயிர்களின் கணக்கை யாரும் கேட்கவில்லை. நம் காலத்தில் அலங்கார மீன்தொட்டிகளிலிருந்து தப்பிய கத்தி மீனும், கண்ணாடியை நக்கித் துடைக்கும் சக்கர் மீனும் இலங்கை ஆறுகளில் பெருகிவிட்டன. சக்கர் மீன் நாற்பது சென்ரிமீற்றர் வரை வளரும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. வளர்ந்தபின் வீட்டார் அதை வாளியில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறார்கள்.

ஆகவே நண்பர் தொட்டியோடு ஒரு கொப்பியும் வாங்கட்டும். எந்த மீன், எந்தக் கடை, எந்தத் திகதி, எத்தனை என்று அதில் எழுதலாம். வாரந்தோறும் மாற்றும் நீரில் குஞ்சோ முட்டையோ நத்தையோ இருக்கக்கூடும். அந்த வாளியை ஓடைப்பக்கம் கொண்டுபோகாமல் வாசலிலுள்ள பூக்கன்றுகளுக்கு ஊற்றிவிடலாம், எருவும் ஆகும்.