பாய்ப்படகுப் போட்டியும் கூலியில்லா உழைப்பும்

பாய்ப்படகுப் போட்டியைப் பற்றி எழுதியோர் பலரும் வென்ற கலத்தையும் அதன் சொந்தக்காரரையும் பற்றியே எழுதினர். போட்டியை நடத்தியோரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆனால் நடத்துவோர் இன்றேல் போட்டியே இல்லை. காற்று வரும் திசையை அறிந்து, அதற்குக் குறுக்கே தொடக்கக் கோட்டை அமைத்தல் வேண்டும். மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தல் வேண்டும். காற்றுத் திரும்பினால் அவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் இடல் வேண்டும். தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்னர் ஒரு கொடி ஏறும்; 4 நிமிடம் முன்னர் இன்னொன்று. 1 நிமிடம் இருக்கையில் இரண்டாவது இறங்கும். தொடங்கும் கணத்தில் முதலாவது இறங்கும். வெடியோ ஊதலோ உடன் ஒலிக்கும். எனினும் கணக்கு கொடிக்கே உரியது, ஓசைக்கு அன்று. ஓசை தூரத்துப் படகைச் சற்றுப் பிந்தியே எட்டும் அல்லவா? கவிழ்ந்தோரை மீட்க ஒரு படகு, முடிவுக் கோட்டில் பாய் இலக்கங்களை எழுத ஒருவர், இவ்வளவும் வேண்டும். இன்று பெரும்பாலான கழகங்களில் இவற்றைச் செய்வோர் கூலி பெறாத தொண்டர்கள்.

சிரமதானம் என்னும் சொல் நம் நாட்டில் நன்கு பழகியது. கேட்டதும் நெஞ்சு குளிர்வதும் இயல்பே. ஆயினும் யாருடைய சிரமம், யாருக்குத் தானம் என்று கேளாமல் விடுவது நேர்மையன்று. படகுப் போட்டியின் வரலாறு இக்கேள்விக்கு இரு வேறு விடைகளைத் தருகிறது.

1815இல் இங்கிலாந்தின் பிரபுக்களும் கனவான்களும் அமைத்த கழகமே பின்னர் றோயல் யொட் ஸ்குவாட்றன் எனப் பெயர் பெற்றது. கலங்கள் சீமான்களுடையவை, பாய் இழுத்த கைகளோ எசெக்ஸ் போன்ற கரையோரங்களின் மீனவருடையவை. கோடையில் சீமானின் கலத்தில் கூலி, மாரியில் மீன்பிடி. நம் கரையில் சம்மாட்டியும் தொழிலாளியும் ஒரே மணலிலாவது நிற்பர்; அங்கே அதுவும் இல்லை. பணம் ஒன்றே அக்கழகத்தின் கதவைத் திறந்துவிடவும் இல்லை. கிளாஸ்கோ மளிகைக்காரரான தோமஸ் லிப்டன் 1890 முதல் நமது மலைநாட்டில் தோட்டங்களை வாங்கித் தேயிலையால் பெரும் பொருள் சேர்த்தவர். அவர் ‘ஷம்றொக்’ என்னும் பெயரில் 5 கலங்களைக் கட்டி, 1899 முதல் 1930 வரை 5 முறை அமெரிக்கக் கிண்ணத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். கடைக்காரரை ஸ்குவாட்றன் வெகுகாலம் ஏற்கவில்லை. அவர் இறந்த 1931ஆம் ஆண்டிலேதான் சேர்த்துக்கொண்டது. கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணுக்கு, தன் கூடையின் நிறை எங்கோ பாயாக விரிந்ததென்று யார் சொல்லியிருப்பார்?

1934இல் விமான உற்பத்தியாளர் சொப்வித் ‘எண்டெவர்’ என்னும் கலத்துடன் அதே கிண்ணத்தை நாடினார். அமெரிக்காவுக்குப் புறப்படும் வேளையில் கூலி மாலுமிகளிற் பலர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை நீக்கிவிட்டு, றோயல் கொரிந்தியன் கழகத்தைச் சேர்ந்த, படகோட்டத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களை அவர் ஏற்றிச் சென்றார். கூலி வேண்டாத தொண்டர்கள்! தொழிலாளர் மொழியில் இத்தகையோருக்கு வேறு பெயர் உண்டு: கருங்காலிகள். முதல் 2 ஓட்டங்களில் வென்ற எண்டெவர் அடுத்த 4இலும் தோற்றது. 4ஆம் ஓட்டத்தில் சொப்வித் முறைப்பாடு செய்தார். ஆட்சேபக் கொடியை உடனே ஏற்றவில்லை என்று கூறி நியூயோர்க் கழகத்தின் போட்டிக் குழு அதை விசாரிக்கவே மறுத்தது. கொடி என்பது விளையாட்டுப் பொருளன்று என்பதைச் சீமானும் அன்று அறிந்தார்.

மற்ற விடை சிறு படகுகளில் இருக்கிறது. 1962இல் ஜாக் ஹோல்ற், பரி பக்னெல் என்னும் இருவர் ‘டெயிலி மிரர்’ பத்திரிகையின் ஆதரவில் ஒரு படகை வடிவமைத்தனர். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்துப் பசையிட்டு வீட்டிலேயே கட்டிவிடலாம். விலை 63 பவுண் 11 சிலிங். ‘மிரர்’ எனவே பெயர் பெற்ற அவ்வகைப் படகுகள் 70,000 வரை கட்டப்பட்டன. சரளைக்கல் அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கிய இடங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் கழகங்கள் முளைத்தன. அங்கே ஆள் வைக்கப் பணமில்லை. ஆகவே முறை வைத்தனர். சென்ற ஞாயிறு வென்றவர் இந்த ஞாயிறு மழையில் குந்தியிருந்து பிறருடைய பாய் இலக்கங்களை எழுதுவார். படகில்லாதவரும் கொடி ஏற்றலாம். கோட்டின் முனையிலிருந்து ஒரு பருவம் பார்த்தவருக்கு, யார் எதனால் முந்தினார் என்பது ஓடியவரைவிட நன்றாகத் தெரியும். அக்கல்விக்குக் கட்டணமும் இல்லை. முறை ஏய்ப்பவர் எங்கும் உண்டு. அவரையும் அடுத்த ஞாயிறு பிடித்துவிடலாம்.

2012இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவில் ஏறக்குறைய 70,000 தொண்டர்கள் பணியாற்றினர். பாய்ப்படகுப் போட்டி வெய்மத் கடலில் நடந்தது. தொண்டர்களுக்குச் சீருடை கொடுத்தனர், உணவு கொடுத்தனர், ஊதியம் இல்லை. தங்குமிடத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒளிபரப்பு உரிமையும் விளம்பர உரிமையும் பெருந்தொகைக்கு விலைபோயின. அவற்றை விற்றவர்க்கு மிதவை தூக்கும் முறை எதுவும் வகுக்கப்படவில்லை.