வீடியோ விளையாட்டு மாநாட்டில் துறைசார் ஆலோசகர்: இலக்கணம், பணி, பொறுப்பு

1. பொருளும் எல்லையும்

வீடியோ விளையாட்டை உருவாக்கும் கலையில் தேர்ந்த அறிவின் பெரும்பகுதி, அதை உருவாக்குவோரின் அனுபவத்திலேயே தங்கியிருக்கிறது. அவ்வறிவைப் பொதுவுடைமையாக்கும் வாயில்களுள் முதன்மையானது தொழில்சார் மாநாடு. மாநாட்டில் யார், எதை, எவ்வளவு ஆழமாகப் பேச வேண்டும் என்பதை முடிவு செய்வோர் துறைசார் ஆலோசகர்கள். அவர்களின் இலக்கணத்தையும் பணியையும் பொறுப்பையும் வகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்குரிய சான்றாக, அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 'கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்' என்னும் மாநாட்டை எடுத்துக்கொள்கிறோம். இத்துறையின் மாநாடுகளுள் இது மூத்தது. ஆலோசனைக் குழுவின் பணி இதில் தெளிவான படிநிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. இனி இதனை 'மாநாடு' என்றே சுட்டுவோம்.

நாம் நிறுவ முற்படும் கருத்து இது: ஆலோசகரின் பணிகளுள் உரைகளைத் தேர்ந்தெடுப்பது வெளியே தெரிவது, தேர்ந்தெடுத்த உரையைச் செம்மைப்படுத்தத் துணைநிற்பது உள்ளே நிகழ்வது. மாநாட்டின் மதிப்பு இரண்டாவதைச் சார்ந்தே நிற்கிறது.

2. வரையறைகள்

2.1. துறைசார் ஆலோசகர். வீடியோ விளையாட்டு உருவாக்கத்தில் இப்போது ஈடுபட்டிருப்பவராகவோ நெடுங்காலம் ஈடுபட்டவராகவோ இருந்து, துறையின் பொதுநலன் கருதி மாநாட்டு உரைகளைத் தேர்தல், திருத்தல், ஒழுங்குபடுத்தல் ஆகிய பொறுப்புகளை ஏற்றவர். இவ்வரையறையில் மூன்று உறுப்புகள் உள்ளன: தொழிலனுபவம், ஏற்ற பொறுப்பு, தம் நிறுவனத்தின் நலனுக்கு அப்பால் துறையின் நலனை நோக்கும் பார்வை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் ஆலோசகர் ஆகார்.

2.2. ஆலோசகரிலிருந்து வேறாவோர். அரங்கம், நுழைவுக் கட்டணம், பாதுகாப்பு ஆகியவற்றை நடத்துபவர் அமைப்பாளர். பொருள் கொடுத்து மாநாட்டில் இடம் பெறுபவர் ஆதரவாளர். தம் அனுபவத்தை அவையில் வைப்பவர் பேச்சாளர். ஒருவரே ஓராண்டு பேச்சாளராகவும் மற்றோராண்டு ஆலோசகராகவும் இருத்தல் கூடும். ஆனால் ஆதரவாளரும் ஆலோசகரும் தம் பணியில் ஒன்றாதல் கூடாது.

2.3. முன்மொழிவு. பேச விரும்புபவர் தம் உரையின் பொருள், அமைப்பு, கேட்போர் பெறும் பயன், தம் தகுதி ஆகியவற்றைச் சுருக்கி எழுதி அனுப்பும் விண்ணப்பம்.

2.4. தடம். ஒரே தொழிற்பிரிவைச் சார்ந்த உரைகளின் வரிசை. வடிவமைப்பு, நிரலாக்கம், காட்சிக்கலை, ஒலி, தயாரிப்பு, வணிகம் என்பன மாநாட்டில் நிலைபெற்ற தடங்கள். செயற்கை நுண்ணறிவு, கதையாக்கம், சுயாதீன (இண்டி) விளையாட்டுகள் போன்றவற்றுக்கு மாநாட்டு வாரத்தின் முதல் இரு நாள்களில் தனியே குறுமாநாடுகள் நடந்துவந்துள்ளன.

2.5. பின்னாய்வு. ஒரு விளையாட்டு வெளியான பின், அதன் உருவாக்கத்தில் சரியாக அமைந்தவற்றையும் பிழையாகியவற்றையும் உருவாக்கியவரே முறைப்படுத்திக் கூறும் உரை அல்லது கட்டுரை. 1994 முதல் 2013 வரை வெளிவந்த 'கேம் டெவலப்பர்' இதழ் இவ்வகையை நிலைநிறுத்தியது. மாநாட்டின் உரைகளுள்ளும் இதற்குத் தனியிடம் உண்டு.

3. தோற்றமும் காரணங்களும்

3.1. தோற்றம். 1988-இல் கிறிஸ் கிராஃபோர்ட் என்னும் விளையாட்டு வடிவமைப்பாளர், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலிருந்த தம் வீட்டு வரவேற்பறையில் சக வடிவமைப்பாளர்களைக் கூட்டினார். வந்தோர் ஏறத்தாழ 27 பேர். அதே ஆண்டில் அருகிலுள்ள மில்பிடாஸ் நகரின் விடுதியொன்றில் நடந்த அடுத்த கூட்டத்துக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தனர். தொடக்க ஆண்டுகளில் மாநாட்டை இயக்கியோருள் பிரெண்டா லாரல் போன்ற வடிவமைப்பாளர்களும் இருந்தனர். 1990-களின் நடுவில் மாநாடு மில்லர் ஃப்ரீமன் என்னும் பதிப்பக நிறுவனத்தின் கைக்கு மாறியது. 'கம்ப்யூட்டர் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்' என்றிருந்த பெயர் 1999-இல் 'கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்' எனச் சுருங்கியது. 2019-இல் வந்தோர் ஏறத்தாழ 29,000.

இந்த வளர்ச்சியினூடே ஆலோசகர் என்னும் பொறுப்பு இன்றியமையாததானது. அதற்கு நான்கு காரணங்களைக் காண்கிறோம்.

3.2. முதற் காரணம், அளவு. ஓர் அறையில் கூடிய 27 பேருள் ஒவ்வொருவரும் பேசலாம், ஒவ்வொருவரும் கேட்கலாம். அங்கே தேர்வு வேண்டியதில்லை. பல்லாயிரவர் கூடுமிடத்தில் பேசும் நேரம் அரிய பொருளாகிவிடுகிறது. அரிய பொருளைப் பங்கிட அளவை வேண்டும். அளவையைக் கையாள ஆள் வேண்டும்.

3.3. இரண்டாம் காரணம், மறைப்பு. விளையாட்டு நிறுவனங்கள் தம் நுட்பங்களை இரகசியக் காப்பு ஒப்பந்தங்களால் மூடிவைக்கின்றன. ஒரு நிரலர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாவிட்டால் உரை வெறுங்கூடாகும் என்பதை அத்தகைய ஒப்பந்தங்களுக்குள் உழைத்தவரே எடைபோட முடியும்.

3.4. மூன்றாம் காரணம், விரைவு. கருவிகளும் வன்பொருளும் சில ஆண்டுகளுக்குள் மாறிவிடுகின்றன. பாடநூல் எழுதி முடிவதற்குள் அதன் பகுதிகள் பழமையாகின்றன. எனவே எது புதிது, எது ஏற்கெனவே பலராலும் அறியப்பட்டது என்று பிரித்தறியும் திறன் நடப்புத் தொழிலை நெருங்கி அறிந்தவரிடமே உண்டு.

3.5. நான்காம் காரணம், வணிகம். கருவி விற்போரும் தளம் நடத்துவோரும் மாநாட்டைத் தம் பொருளை அறிமுகம் செய்யும் களமாகக் காண்பது இயல்பு. அதற்கெனக் கட்டணம் செலுத்திப் பெறும் ஆதரவாளர் அமர்வுகள் உள்ளன. அவை அவ்வாறே குறிக்கப்படுகின்றன. அவற்றுக்கும் ஆலோசகர் தேர்ந்த உரைகளுக்கும் இடையிலான எல்லை அழியாமல் காப்பது ஆலோசகரின் கடமை. கேட்போர் அறிவூட்டும் உரையைக் கேட்கிறோமா, விற்பனை உரையைக் கேட்கிறோமா என்று ஐயுறத் தொடங்கினால், அதன் பின் மாநாட்டின் எந்த உரையும் முழு நம்பிக்கையைப் பெறாது.

4. பணியின் படிநிலைகள்

4.1. முதல் நிலை, தேர்தல். மாநாடு வழக்கமாக மார்ச் மாதத்தில் நடைபெறும். முன்மொழிவுகளுக்கான அழைப்பு அதற்கு முந்தைய கோடையிலேயே வெளியாகும். வந்த முன்மொழிவுகளை அந்தந்தத் தடத்தின் ஆலோசகர்கள் படித்து மதிப்பிடுவர். ஒலித் தடத்துக்கு வந்ததை ஒலியமைப்பில் தேர்ந்தவரும், நிரலாக்கத் தடத்துக்கு வந்ததை நிரலரும் படிப்பது இதன் சிறப்பு.

4.2. இரண்டாம் நிலை, நெறிப்படுத்தல். நம்பிக்கை தரும் முன்மொழிவு பலவேளைகளில் நிபந்தனையுடன் ஏற்கப்படும். பேச்சாளர் விரிவான உள்ளடக்கத்தையோ காட்சிப்பட வரைவையோ அனுப்ப வேண்டும். ஆலோசகர் ஒருவர் வழிகாட்டியாக அமைந்து, எங்கே எடுத்துக்காட்டு வேண்டும், எங்கே அளவு மிகுந்தது, எந்த முடிவுக்குச் சான்று போதவில்லை என்று சுட்டுவார்.

இந்நிலையில் ஆலோசகர் களைய வேண்டிய குற்றங்களுக்கு நம் இலக்கண மரபே பெயர் தந்துள்ளது. நன்னூல் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாக வகுக்கிறது. அவற்றுள் இரண்டு தொழில்சார் உரைகளில் அடிக்கடி காணப்படுபவை. ஒன்று மற்றொன்று விரித்தல்: எதிரிப் பாத்திரங்களின் இயக்கத்தைப் பேச வந்தவர் தம் நிறுவனத்தின் வரலாற்றைப் பாதி நேரம் சொல்லுதல். மற்றது மிகைபடக் கூறல்: ஒரே எடுத்துக்காட்டில் விளங்கும் உத்தியைத் தேவைக்கு மேற்பட்ட சொற்களால் நீட்டிச் சொல்லுதல். இவை பேச்சாளரின் திறன்குறைவால் வருவன அல்ல. தம் வேலைக்கு மிக அருகில் நிற்பதால் வருவன. ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கும் சக தொழிலரே அவற்றைக் காட்ட முடியும்.

4.3. மூன்றாம் நிலை, ஒழுங்குபடுத்தல். இறுதியாக ஏற்கப்பட்ட உரைகளைத் தடங்களுக்குள் நிரல்படுத்துதல், ஒரே பொருள் பற்றிய இரண்டு உரைகள் ஒரே நேரத்தில் மோதாமல் காத்தல், தொடக்கநிலையினருக்கும் தேர்ந்தவர்க்கும் உரியவற்றைப் பிரித்தல் ஆகியன இதில் அடங்கும். மாநாடு முடிந்தபின் கேட்போர் அளிக்கும் மதிப்பீடு அடுத்த சுழற்சிக்கு உள்ளீடாகிறது.

5. அளவைகள் ஐந்து

முன்மொழிவுகளை மதிப்பிட மாநாடு ஐந்து அளவைகளைக் கொள்கிறது: கருத்து, ஆழம், அமைப்பு, தகுதி, பயன்.

5.1. கருத்து என்பது பேசுபொருளின் புதுமையும் காலப்பொருத்தமும். பழைய பொருளும் புதிய சான்றோடு வந்தால் கருத்துடையதே.

5.2. ஆழம் என்பது பொதுக்கூற்றைக் கடந்து செயல்முறை வரை இறங்குதல். இதற்கு இரு சான்றுகள் போதும். 2005-ஆம் ஆண்டு மாநாட்டில், பஞ்சி நிறுவனத்தைச் சேர்ந்த டேமியன் ஐஸ்லா, 'ஹேலோ 2' விளையாட்டில் எதிரிகளின் நடத்தைகளைப் படிநிலை அமைப்பாக அடுக்கிச் சிக்கலைக் கட்டுக்குள் வைத்த முறையை விளக்கினார். 'நடத்தை மரம்' என்று இன்று வழங்கும் அமைப்பு துறையெங்கும் பரவியதில் அவ்வுரைக்குப் பெரும்பங்கு உண்டு. 2006-இல் ஜெஃப் ஆர்கின், 'ஃபியர்' விளையாட்டின் எதிரிகளுக்கு மூன்றே நிலைகள் கொண்ட பொறியையும், செயல்களைத் தாமே வரிசைப்படுத்தும் திட்டமிடு முறையையும் இணைத்த வகையை எடுத்துரைத்தார். அம்முறையின் வேர் 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் உருவான 'ஸ்ட்ரிப்ஸ்' என்னும் திட்டமிடு முறையில் உள்ளது. இரண்டு உரைகளும் 'எங்கள் எதிரிகள் அறிவுடன் நடக்கிறார்கள்' என்று பெருமை பேசுவதோடு நிற்கவில்லை. பிறர் எடுத்துச் செயற்படுத்தும் அளவுக்கு அமைப்பை விரித்துக் காட்டின. ஆழம் என்று நாம் சொல்வது அதையே.

5.3. அமைப்பு என்பது உரையின் உறுப்புகள் காரண காரியத் தொடர்பில் நிற்றல். சிக்கல், முயன்ற வழிகள், தோற்றவை, வென்றது, வென்றதன் எல்லை என்னும் வரிசை பின்னாய்வுகளுக்குப் பெரிதும் பொருந்தும்.

5.4. தகுதி என்பது பேசும் பொருளில் நேரடிப் பட்டறிவு. இதைப் புகழோடு குழப்பிக்கொள்ளல் ஆகாது. பெயர் பெற்ற விளையாட்டின் இயக்குநரைவிட, அதன் ஒலிக்கோப்புகளை இரண்டாண்டு ஒழுங்குசெய்தவர் ஒலிபற்றிப் பேசத் தகுதி மிக்கவராகலாம்.

5.5. பயன் என்பது கேட்டவர் தம் பணியிடத்துக்குத் திரும்பிச் செயற்படுத்தக்கூடிய அறிவு. மற்ற நான்கும் இதற்கு ஏதுக்கள். ஆகவே ஐந்தனுள் இதனைத் தலையாயதாகக் கொள்கிறோம்.

6. ஆலோசகருக்கு நேரும் குறைகளும் காப்புகளும்

6.1. சார்பு. ஆலோசகர் தொழிலில் இருப்பவராதலின், தம் நிறுவனத்தவரின் முன்மொழிவும் போட்டி நிறுவனத்தவரின் முன்மொழிவும் அவர் கைக்கு வரக்கூடும். ஒரு முன்மொழிவைப் பலர் மதிப்பிடுதலும், தொடர்புடையவர் அம்முடிவிலிருந்து விலகி நிற்றலும் இதற்குக் காப்பு.

6.2. தன் சாயல் நாடல். மனிதர் தம்மைப் போன்றவர் பேச்சை எளிதில் மதிப்பர். ஒரே நாட்டவரும் ஒரே வகை நிறுவனத்தவரும் நிறைந்த குழு, தானறியாமலே ஒரே வகை உரைகளைத் தேர்ந்துவிடும். 2013-இல் மாநாட்டில் தொடங்கிய '#1ரீசன்டுபீ' என்னும் அமர்வு, முதலில் இத்துறையில் உழைக்கும் பெண்களின் குரலை முன்வைத்தது; பின்னாளில் ரமி இஸ்மாயிலின் பொறுப்பில், மாநாட்டில் அரிதாகவே இடம்பெற்ற நாடுகளின் உருவாக்குநர்களை மேடையேற்றியது. ஓர் அமர்வால் தீரும் குறையன்று இது. குழுவின் உறுப்பமைப்பிலேயே பன்மை வேண்டும் என்பதற்கு அது சான்று.

6.3. ஒருதலை நினைவு. மாநாட்டோடு இணைந்து வழங்கப்படும் விருதுகளைத் தீர்மானிப்பது தனிக்குழுவாயினும், அக்குழுவின் அனுபவம் தரும் படிப்பினை ஆலோசகர்க்கும் பொருந்தும். 2018-இல் அடாரி நிறுவனர்களுள் ஒருவரான நோலன் புஷ்னெல்லுக்கு முன்னோடி விருது அறிவிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் தொடக்கக்காலப் பணிச்சூழலில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைச் சுட்டி எதிர்ப்பு எழுந்தது. விருதுக்குழு மறுநாளே தன் முடிவை மீளாய்ந்து, அவ்வாண்டு அவ்விருதை எவர்க்கும் வழங்காது விட்டது. புஷ்னெல்லும் அதனை ஏற்றார். துறையின் வரலாற்றை ஒருவர் பெயரால் மட்டும் நினைவுகூர்தல் போதாது என்பதும், வெளிப்படையாகத் திருத்திக்கொள்ளும் குழு தன் நம்பகத்தை இழப்பதில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

7. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். துறைசார் ஆலோசகர் தொழிலனுபவம், பொறுப்பு, பொதுநோக்கு என்னும் மூன்றால் ஆனவர். அளவு, மறைப்பு, விரைவு, வணிகம் என்னும் நான்கு காரணங்களால் அவர் தேவைப்பட்டார். தேர்தல், நெறிப்படுத்தல், ஒழுங்குபடுத்தல் என்னும் மூன்று நிலைகளில் பணியாற்றுகிறார். ஐந்து அளவைகளால் மதிப்பிடுகிறார்.

இவற்றுள் தேர்தலையும் ஒழுங்குபடுத்தலையும் கவனமுள்ள அலுவலர்கூட ஓரளவு செய்துவிடலாம். ஓர் உழைப்பாளியின் தனி அனுபவத்தைப் பலருக்கும் பயன்படும் அறிவாக மாற்றும் நெறிப்படுத்தலை, அதே உழைப்பில் தேய்ந்த மற்றோர் உழைப்பாளியே செய்ய முடியும். ஆகவே ஆலோசகரின் திறத்தை அவர் எத்தனை முன்மொழிவுகளை மறுத்தார் என்பதால் அளக்காமல், அவர் துணைநின்ற உரைகள் எவ்வளவு தெளிவுபெற்றன என்பதால் அளத்தல் வேண்டும்.

புதிதாக மாநாடு தொடங்க முனைவோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது. அரங்கையும் ஆதரவாளரையும் தேடுமுன், உங்கள் துறையில் உழைத்துத் தேர்ந்த சிலரைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொரு பேச்சாளருக்கும் அவர்களுள் ஒருவரைத் துணையாக்குங்கள். திருத்தத்துக்குச் சில மாதக் காலம் ஒதுக்குங்கள்.