கூடாரத்துக்குள் ஒரு திரை

சென்ற கோடையில் ரொறன்ரோவிலிருந்து என் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமான சுகம் விசாரிப்புகள் முடிந்த பின்னர், சற்றே தயங்கி ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, பிள்ளையளோட அல்கொன்குயின் பூங்காவுக்கு மூண்டு நாள் போறம். அம்மாவும் மாமியும் வருகினம். ஒரு கூடாரம் வாங்க வேணும். மூண்டு அறையோட ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். பன்னிரண்டு பேருக்கெண்டு போட்டிருக்கு. நாங்கள் ஆறு பேர்தானே, பெரிசாப் போயிடுமோ?"

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதி வருகின்றேன். கூடாரங்களைப் பற்றியும் எழுதியிருக்கின்றேன். ஆனால் கூடாரம் வாங்குவதற்கு ஆலோசனை கூறும்படி என்னை எவரும் அதுவரை கேட்டதில்லை. அதிலும், கேட்டவள் தன் இளமையில் பெரும்பகுதியைச் சுன்னாகத்தை அண்டிய ஒரு முகாமில், அறையே இல்லாத ஒரு கொட்டிலில் கழித்தவள். அவளுக்கு உடனே பதில் கூற முடியவில்லை. "இரண்டு நாள் பொறு பிள்ளை, பாத்துச் சொல்லுறன்" என்றேன். அந்த இரண்டு நாட்களில் நான் பார்த்ததும் நினைத்ததுமே இக்கட்டுரை.

முதலில் கணக்கு. அவள் அனுப்பிய விவரத்தின்படி அக்கூடாரத்தின் தரை 18 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. அதாவது 180 சதுர அடி. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு 15 சதுர அடி வரும். ஒருவர் நீட்டி நிமிர்ந்து படுப்பதற்கு ஆறடிக்கு இரண்டரை அடி போதும் என்பதே கூடாரம் செய்வோரின் கணக்கு. பன்னிரண்டு பாய்களை நெருக்கி விரித்தால் கால் வைக்க இடமிராது. பயணப்பெட்டியைத் தலைமாட்டில்கூட வைக்க இயலாது. ஆகவே கூடாரத்தின் மேல் எழுதியுள்ள எண்ணை இரண்டால் வகுத்துக்கொள்வதே அறிவுடைமை.

இதே கணக்கை வேறொரு தராசில் இட்டுப் பார்த்தேன். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையகம் வழங்கும் வழமையான குடும்பக் கூடாரத்தின் நடுத்தரை நான்கு மீற்றருக்கு நான்கு மீற்றர். 16 சதுர மீற்றர். இரு முனைகளிலும் சிறு முகப்புகள் உள்ளன. அவற்றையும் சேர்த்தால் 23 சதுர மீற்றர். நடுத்தரையை மட்டும் அடியில் மாற்றினால் ஏறத்தாழ 172 சதுர அடி. மருமகள் பார்த்து வைத்த கூடாரமும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவின. கடைக்காரர் பன்னிரண்டு பேர் என்று எழுதிய இடத்தை ஆணையகம் ஐந்து பேருக்கு உரியது என்கின்றது. மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் நெறிமுறையும் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் கூரையிட்ட இடம் வேண்டும் என்றே விதித்துள்ளது. காகிதத்தில் அகதி, சுற்றுலாப் பயணியை விட வசதியாகத்தான் வாழ்கின்றான்! காகிதத்துக்கும் காட்டுக்கும் இடையிலான தூரத்தை 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் கண்டோம். ஐவருக்கான கூடாரங்களுள் பத்துக்கும் மேற்பட்டோர், பல வேளைகளில் ஒருவரையொருவர் முன்பின் அறியாத குடும்பங்கள், ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தனர்.

இடத்தின் அளவு ஒருபுறமிருக்க, அறை என்பது வேறு செய்தி. கூடாரத்துக்குள் அறை வேண்டும் என்ற எண்ணம் அண்மைக்காலச் சுற்றுலாவோடு பிறந்ததன்று. நம் பத்துப்பாட்டுள் மிகச் சிறியது நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்டது. மழைக்காலத்தில் போர்மேற் சென்ற அரசனின் பாசறை அதில் விரிவாகக் காட்டப்படுகின்றது. காட்டை வெட்டி, வேலியிட்டு அமைத்த அப்பாசறையின் நடுவே அரசனுக்கென யவனர் அமைத்த மனை. அதனுள் வலிய கயிற்றில் திரையை இழுத்துக் கட்டி இரண்டு அறைகளாகப் பிரித்திருந்தார்கள் என்று புலவர் கூறுகின்றார். பேசாமல் சைகையால் மட்டும் உணர்த்தும் மிலேச்சர் காவல் நிற்க, உள்ளே அரசன் உறக்கமின்றி இருக்கின்றான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் புலவர் ஒருவர் இரண்டறைக் கூடாரத்தைக் குறித்து வைத்திருப்பது பலர் கவனத்துக்கு வராத செய்தி. உ. வே. சாமிநாதையர் 1889 இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, சுன்னாகத்தில் அ. குமாரசுவாமிப் புலவர் தமது முப்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தார். அவர் பிறந்து வளர்ந்த அதே மண்ணில், நூறாண்டுகளின் பின்னர், மக்கள் கயிறு கட்டிச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டு வாழ நேரும் என்று எவர்தான் நினைத்திருப்பார்?

முகலாயர் இதைப் பெருந்தொழிலாகவே நடத்தினர். அக்பரின் பெரிய கூடாரம் பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் என்றும், ஆயிரம் பணியாளர் ஒரு வாரம் உழைத்தே அதை நிறுத்துவர் என்றும் அபுல் பாசல் எழுதியுள்ளார். சாமியானா, கனாத்து, டேரா என்று நாம் வழங்கும் சொற்களெல்லாம் அந்த உலகத்திலிருந்து வந்தவை. சாதாரண மக்கள் இன்பத்துக்காகக் கூடாரம் அடித்துத் தங்கியது மிகப் பிந்திய பழக்கம். இங்கிலாந்தில் 1901 இல் சைக்கிளோட்டிகள் சிலர் அதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். பிரான்சில் 1936 ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை வழங்கிய பின்னர், குடும்பங்கள் கூடாரத்துடன் கடற்கரைகளுக்குப் புறப்பட்டன. லா சப்பலில் இன்று வாழும் எம்மவரின் பிள்ளைகளும் கோடையில் அவ்வாறே புறப்படுகின்றனர்.

யாழ்ப்பாணத்தாருக்கு அறை என்பது என்னவாக இருந்தது? பழைய யாழ்ப்பாண வீடு ஒரே கூரையின் கீழ் அடங்கியதன்று. வளவுக்குள் படுப்பதற்கு ஒரு வீடு, சமைப்பதற்குத் தனிக் குசினி, வந்தோரை இருத்தத் தலைவாசல், சற்றுத் தள்ளிக் கிணற்றடி. வசதி படைத்தோர் நடுவே முற்றம் விட்டு நாற்சார் வீடு கட்டினர். இரண்டு மண் கொட்டில் மட்டுமே உள்ள ஏழைக்கும் வளவைச் சுற்றிக் கிடுகு வேலியோ பனையோலை வேலியோ இருந்தது. அந்த வேலிதான் அவனுடைய சுவர். அதற்குள் இருந்த முற்றமே பெண்களுக்கு ஓர் அறை. முகாம் வாழ்வில் எம்மக்கள் இழந்தது கூரையை மட்டுமன்று. இந்த வேலியையும் இழந்தனர். நிவாரணக் கணக்கெடுப்புகளில் கூரைக்கு ஒரு கட்டம் இருந்தது. வேலிக்கு ஒரு கட்டத்தை நான் எந்தப் படிவத்திலும் கண்டதில்லை.

1990 ஜூன் 15 ஆம் திகதியை வலிகாமம் வடக்கு மக்கள் மறப்பதில்லை. இரண்டாம் கட்டப் போர் தொடங்கிச் சில நாட்களுள் மயிலிட்டி, பலாலி, தையிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்து மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி வந்தனர். மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம் என்று வழியில் உள்ள பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிறைந்தன. காங்கேசன்துறை வீதியில், பெரிய சந்தையும் புகையிரத நிலையமும் மின்நிலையமும் கொண்ட சுன்னாகம், விட்டு வந்த ஊருக்குக் கிட்ட இருந்தது. சில நாட்களில் திரும்பலாம் என்று எண்ணியவர்களுக்கு அந்த அண்மை ஓர் ஆறுதல். என் அக்காவும் மயிலிட்டியிலிருந்து அவ்வாறே வந்தவர். வீட்டுத் திறப்பை மடியில் முடிந்துகொண்டு வந்தார். மருமகளுக்கு அப்போது நான்கு வயது.

பாடசாலையிலிருந்து கொட்டிலுக்கு மாறினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, காட்டுத் தடி, கிடுகு, மேலே தறப்பாள். ஒரு வாசல். அது முகாமின் பொதுப்பாதையைப் பார்த்திருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது இவர்களும் மீண்டும் பெயர்ந்தனர். நாவற்குழிப் பாலத்தைக் கொட்டும் மழையில் கடந்து, தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் அதே தறப்பாளை விரித்துக் கட்டினார் அத்தான். 1996 இல் திரும்பி வந்தபோது சொந்த ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் இருந்தது. ஆகவே மறுபடியும் சுன்னாகம், மறுபடியும் அதே அளவிற் கொட்டில்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மருமகள் பெரியபிள்ளையானாள். எங்கள் பக்கத்தில் அவ்வேளை பிள்ளையைத் தனியறையில் இருத்துவது வழக்கம். இருத்துவதற்கு அறை எங்கே? அக்கா தமது கூறைச்சேலையையும் இன்னொரு சேலையையும் கயிற்றில் போட்டு மூலையொன்றை மறைத்தார். ஆறடிக்கு நான்கடி இருக்கும். நான் அன்று போயிருந்தேன். பக்கத்துக் கொட்டிலில் ஒருவர் இருமுவது எங்கள் நடுவிலே இருமுவது போலக் கேட்டது. சேலைக்கு அப்பால் பிள்ளை அழுவதும் கேட்டது. வாசல் ஒன்றே என்பதால் கழிப்பிடத்துக்கு அவளை அழைத்துச் செல்ல அக்கா இருட்டும் வரை காத்திருந்தார். அன்று மாலை அலுவலகம் திரும்பி முகாமின் குடிநீர்ப் பிரச்சினை பற்றி எழுதினேன். சேலையைப் பற்றி எழுதவில்லை. அது செய்தியாக எனக்குத் தோன்றவில்லை என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

இது சுன்னாகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. தமிழ்நாட்டின் மண்டபம் முகாமிலும் ஏனைய முகாம்களிலும் பத்துக்குப் பத்தடி அறைகளில் எம்மவர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்ததையும், அங்கும் சேலையே சுவராக இருந்ததையும் சென்று பார்த்தோர் அறிவர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கையில் தற்காலிக வீட்டுக்குக் குறைந்தது 200 சதுர அடி என்று விதித்தனர். முன்னேற்றந்தான்.

சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமுக்கு 2013 நவம்பர் 15 ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் வந்தார். 1948 இன் பின் வடக்குக்கு வந்த முதலாவது வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் அவரே. உலகத் தொலைக்காட்சிகள் அன்று அக்கொட்டில்களின் உட்புறத்தைக் காட்டின. அவ்வாண்டு ஏப்ரலில்தான் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. பின்னர் 2015 முதல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலை 3 ஆம் திகதி திறக்கப்பட்டது, இருபத்தேழு ஆண்டுகள். அக்காவின் வளவு இருந்த இடத்தைக் காட்ட ஒரு கிணறு மட்டுமே மிஞ்சியிருந்தது. திறப்பு இன்னும் அவரிடம் உண்டு.

இரண்டு நாள் கழித்து மருமகளை அழைத்தேன். ஆறு பேருக்குப் பன்னிரண்டு பேர்க் கூடாரம் பெரிதன்று, அளவானது என்றேன். நடுவில் ஒருவர் நிமிர்ந்து நின்று உடை மாற்றும் உயரம் வேண்டும். மேல்விரிப்பு நிலம்வரை தாழ்ந்திருக்க வேண்டும். உறங்குவோரின் மூச்சே இரவில் நீராய்த் துளிர்க்கும் என்பதால் உச்சியில் காற்றுவழி அவசியம். பழைய பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் ஊதித் தானே துளையை அடைத்துக்கொள்ளும். இன்றைய பொலியெஸ்டரின் தையல்களுக்குப் பசை பூச வேண்டும். இவையெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. "அறையெண்டு போட்டிருக்கிறது வெறும் திரைதான் பிள்ளை. சத்தத்தை மறைக்காது" என்றேன்.

"தெரியும் மாமா. ரெண்டு வாசல் இருக்கிறதாப் பாத்துத்தான் எடுக்கிறன்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது.

ஓகஸ்ட்டில் போய்த் திரும்பிய பின்னர் மீண்டும் பேசினாள். இரண்டாம் இரவு நல்ல மழையாம். நள்ளிரவு தாண்டி அக்கா எழுந்து, மின்சூளுடன் வெளியே நின்று மண்வெட்டி தேடினாராம். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டாவிட்டால் தண்ணீர் உள்ளே வரும் என்று அவர் விடாப்பிடியாக நிற்க, இந்தப் பூங்காவில் நிலத்தை வெட்ட அனுமதியில்லை, இதற்குத் தரையும் சேர்த்துத் தைத்திருக்கிறது என்று விளங்கப்படுத்த அரைமணி நேரம் பிடித்ததாம். பேத்தியோ தன் அறைத் திரையை உட்புறமாக இழுத்துப் பூட்டிவிட்டு, ஒன்றும் அறியாமல் விடியும் வரை உறங்கினாளாம்.